முந்தைய நாளின் வெறும் தட்டு

ஸ்டெல்லா போய்விட்டார் என்று அவருடைய தம்பி கிழக்குத் தாம்பரத்திலிருந்து போன் செய்தபோது நான் ஆய்வகத்தில் இருந்தேன். அழுகை வரவில்லை. அவரிடம் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன்.

இந்த ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவர் முறை தெரியும். ஒரு பொருள் எவ்வளவு வெப்பத்தை உள்வாங்கும் என்று அளக்க, கலோரிமீட்டரை மூன்று தடவை ஓட்ட வேண்டும்: முதலில் வெறும் தட்டு, அடுத்து வெப்ப அளவு ஏற்கெனவே தெரிந்த சஃபயர் கல் வில்லை, கடைசியில் நம் பொருள். மூன்றும் ஒரே நாளில், ஒரே வேகத்தில் சூடேற்றி. கருவி நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும்; நேற்றைய வெறும் தட்டு இன்றைக்கு உதவாது. நடுவில் ஏசி நின்றால்கூட முதலிலிருந்து தொடங்குவார். நான் சூடேற்றும் வேகத்தைக் கூட்டினால் அவர் வளர்ந்த பல்லாவரத்துப் பேச்சு வந்துவிடும். “இன்னா அவசரம்ப்பா உனக்கு? சூடு உள்ள போய்ச் சேர டைம் குடுக்காம நம்பர் மட்டும் கேட்டா எப்படி?”

ஒருமுறை மூன்று ஓட்டங்களின் வரைபடக் கோடுகள் சரியாகப் பொருந்தவில்லை என்று, அனுப்பிய அறிக்கையையே திரும்பப் பெற்றார். மேலாளர் கத்தித் தீர்த்தார். “திட்டிக்கோங்க சார். தப்பு நம்பருக்குக் கீழ என் கையெழுத்து கீதுன்னா எனக்குத் தூக்கம் வராது” என்றார் ஸ்டெல்லா. நான் சிரித்தேன். சரியான பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன்.

போன மாதம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கேளம்பாக்கத்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் கம்பெனி, பேட்டரியின் சூட்டை உள்வாங்க அதைச் சுற்றி நிரப்பும் பசையைச் சோதிக்க அனுப்பியது. அன்று மழை, கரண்ட் போய்ப் போய் வந்தது. வெறும் தட்டை மறுபடி ஓட்டப் பொறுமையில்லாமல், முந்தைய நாள் ஓட்டியதையே கணக்கில் சேர்த்து அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போய் அந்த வேலையைப் பற்றிச் சொன்னதும் அதைத்தான் முதலில் கேட்டார். “வெறும் தட்டு அன்னிக்கே ஓட்டினியா?”

“ஓட்டிட்டேன் ஸ்டெல்லா.”

“அப்ப சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார். என்னை நம்பிவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மூன்றையும் முறையாக ஓட்டினேன். பசை, நான் எழுதிக் கொடுத்த அளவுக்கு வெப்பத்தை உள்வாங்காது. பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கலாம். உடனே கம்பெனிக்குப் போன் செய்து தவறு என்னுடையது என்றேன்.

“என்ன சார் இப்ப வந்து சொல்றீங்க? அந்தப் பசையோட அஞ்சு வண்டி ரோடு டெஸ்ட்டுக்குப் போயிடுச்சே!”

இதை எழுதும்போது நான்கு திரும்பிவிட்டன. ஐந்தாவதை ஓட்டுபவர் போனை எடுக்கவில்லை என்கிறார்கள். நான் என் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம்தான். அவர் இருந்தபோதே இதில் பாதியாவது எனக்கு இருந்திருக்க வேண்டும்.