இன்னொரு தபா கூப்புடு

என் கணவர் மலையில் காணாமல் போன அன்று நான் முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சபையில் சாட்சி சொல்ல எழுந்துவிட்டு பவுடர் பூசிப் பேசினால் அது சாட்சியே இல்லை.

என் பெயர் ஸ்டெல்லா. பிறந்தது திண்டிவனம். வாழ்க்கைப்பட்டது அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மலையடிவார ஊர். வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். என் கணவர் ஏழுமலை ஆடு வளர்க்கிறார், கொஞ்சம் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், பயிர் வைக்கிறார். அவர் நம் சபைக்கு வருகிறவர் இல்லை. போகாதே என்று என்னைத் தடுத்தவரும் இல்லை.

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. தக்காளிக்காரர் தராசைத் தூக்குவதற்குள் இரண்டு கேள்வி கேட்டுவிடுவேன். பீரோ சாவியை ஒரே இடத்தில் ஒரு வாரம் வைக்க மாட்டேன். என் கணவர் மேலும் ஒரு சந்தேகம் உண்டு. முதல் தடவை கூப்பிட்டால் அந்த மனுஷன் வாயைத் திறக்கவே மாட்டார். இரண்டாம் தடவைக்கும் சத்தம் வராது. கத்தித் தீர்த்த பிறகுதான் "இன்னா" என்பார். வேலைக்குப் பயந்து செவிடன் வேஷம் போடுகிறார் என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம், மல்லாட்டை பிடுங்கி முடித்த ஒரு சனிக்கிழமை. சினையாடு ஒன்று மந்தையோடு திரும்பவில்லை. அவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அவித்த மல்லாட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பாத்துட்டு வந்துடறேன்" என்று மலைக்குக் கிளம்பினார். வெயில் தாழ ஆரம்பித்தபோது அந்த ஆடு தானாகவே வந்து கொட்டகையில் நின்றது. அவர் வரவில்லை. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

நம் பக்கத்து மலை உங்களுக்கே தெரியும். லாரி லாரியாகக் கொட்டியது மாதிரி பாறைமேல் பாறை, நடுவில் முள்ளுக்காடு. இடுக்கில் ஒருவன் விழுந்தால் பக்கத்துப் பாறையில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. ஆடு மேய்ப்பவர்கள், போட்டோ எடுக்க ஏறும் காலேஜ் பசங்கள் என்று யாராவது மாட்டிக்கொள்வார்கள். அதனால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு தேடும் குழு வைத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. ஆளுக்கொரு விசில், கயிறு, டார்ச் லைட், ஒரு ஸ்ட்ரெச்சர், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் போன் போட்டதும் போலீசுக்குத் தகவல் சொல்லிவிட்டு அவர்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள்.

அவர்களுக்குத் தலைவர் பக்கத்து ஊர் விவசாயி ஜெயபாலன். சமணக் குடும்பம். எல்லாரும் நயினார் என்றே கூப்பிடுவார்கள். வந்தவர் மலைக்கு ஓடவில்லை. என்னை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ஊட்டுல இன்னைக்கி எதுனா சண்டையாம்மா?"

"இல்ல."

"குடிப்பாரா?"

"வுட்டுட்டாரு."

"மனசு சரியில்லன்னு எப்பனா சொன்னாரா? இன்னா செருப்பு போட்டுகினு போனாரு? கண்ணு நல்லா தெரியுமா? காது கேக்குமா?"

காணாமல் போனது என் புருஷன், விசாரணை எனக்கா? இந்த ஆள் யார், என் வீட்டுக் கதையெல்லாம் இவனுக்கு எதற்கு என்று நினைத்தேன். "ரப்பர் செருப்பு. கண்ணும் தெரியும், காதும் நல்லா கேக்கும்" என்று வெடுக்கெனச் சொன்னேன். கூப்பிட்டால் லேசில் திரும்ப மாட்டார் என்று நாக்கு நுனிவரை வந்தது. குடும்ப விஷயத்தை அந்நிய ஆம்பளையிடம் எதற்குச் சொல்வது என்று விழுங்கிவிட்டேன்.

அப்புறம் அவர்கள் ஏறினார்கள். என்னை அடிவாரத்திலேயே நிற்கச் சொன்னார்கள். மேலே ஒருவர் "ஏழுமலை!" என்று கூப்பிடுவார். உடனே எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு காது கொடுத்துக் கேட்பார்கள். பதில் இல்லையென்றால் தள்ளிப் போய், வேறொருவர் ஒரு தடவை கூப்பிடுவார். மறுபடியும் கம்மென்று இருப்பார்கள். பயிற்சியில் கற்றுக்கொண்ட முறையாம். எல்லாரும் சேர்ந்து கத்தினால், அடிபட்டவன் முனகுவது கேட்காதாம். எனக்கோ இவர்கள் ஒப்புக்குக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் பட்டது. பெற்ற பிள்ளையைத் தேடினால் இப்படியா கூப்பிடுவார்கள்?

அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் அலமேலு வந்து சேர்ந்தார். "ஏண்டி, உன்ன கட்டிகினதுல இருந்து எங்க கொலசாமி கோயிலு பக்கமே அவன் போறதில்ல. இப்ப உன் சாமி எங்க பூட்டாரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அது போதாதென்று, தன் கொழுந்தனார் கிளியனூர் டீக்கடையில் என் கணவரைப் பார்த்ததாகப் போன் பண்ணினார் என்றும் சொன்னார். கிளியனூர் பாண்டி போகிற ரோடு. பாண்டிக்கு ஒருவன் எதற்குப் போவான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. குழுவில் இரண்டு பேர் என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது.

நான் மட்டும் லேசுப்பட்டவளா? ஆடு வீட்டுக்கு வந்துவிட்டது, ஆளுக்கு மட்டும் வழி தெரியவில்லையா? குடியை விட்டேன் என்றதே பொய்யோ? வேறு எவளாவது உண்டோ? என் மனசு கண்ட இடத்துக்கெல்லாம் போனது. ஐயோ ஆண்டவரே, அவர் செத்துக் கிடக்கிறாரோ என்று அழ வேண்டிய கண், அவர் சட்டைப் பையை எப்போது கடைசியாகச் சோதித்துப் பார்த்தோம் என்று யோசித்தது.

நயினார்தான் இறங்கிவந்து கேட்டார். "நல்ல செருப்பு ஊட்டுல கீதாம்மா?"

"கீது."

"பாண்டிக்குப் போறவன் நல்ல செருப்ப வுட்டுட்டு, பாக்கெட்டு நெறைய மல்லாட்ட போட்டுகினு போவானா? மேல கெழக்கால பக்கம் புதுசா மல்லாட்டத் தோலு கெடக்குது. அவரு இங்கதான் கீறாரு."

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மல்லாட்டை தின்னாதவன் இந்த ஊரில் யார்? அதுவும் தவிர, சொல்லிவிட்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கல்லில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து அவசர அவசரமாகத் தயிர்சாதம் சாப்பிட்டார். என் புருஷன் எங்கே கிடக்கிறாரோ, இவருக்குச் சாப்பாடு! சாப்பிட்டு முடித்து, இருட்டில் பாறை ஏறினால் தேடுகிறவனும் விழுவான், விடிந்ததும் ஏறலாம் என்று விசில் ஊதி எல்லாரையும் இறக்கிவிட்டார். அதற்குள் வந்திருந்த போலீஸ்காரர்களும் அதையே சொன்னார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சாப்பிட்டதும் தூக்கம் வந்துவிட்டதாக்கும் என்று வாய்க்குள்ளேயே திட்டினேன்.

அவர் தூங்கப் போகவில்லை. ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து மலையைப் பார்க்க நிறுத்தி, லைட்டைப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மேலே உயிரோடு இருப்பவனுக்கு வெளிச்சம் தெரிந்தால் தைரியம் வரும் என்றார். என் வீட்டிலிருந்து டீ போட்டு அனுப்பினேன். எல்லாரும் குடித்தார்கள், அவர் மட்டும் வேண்டாம் என்றார். தண்ணீர் கொடுத்தேன், அதையும் தொடவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் ஆகாதோ என்று அடுத்த சந்தேகம் கிளம்பியது. குழுவில் இருந்த நர்ஸம்மாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவங்க பொழுது சாஞ்சா பச்சத் தண்ணி கூட குடிக்க மாட்டாங்க தங்கச்சி. இனிமே சூரியன் வந்தாதான்." அந்த அவசரச் சாப்பாட்டுக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. ஆனாலும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிடவில்லை. என் புத்தி அப்படி.

வெளுக்கிற நேரத்தில் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் போய் முழங்காலில் நின்றேன். சாயங்காலத்திலிருந்து ஜெபம் பண்ணிக்கொண்டுதான் இருந்தேன். நன்றாக அடுக்கி அடுக்கி ஜெபித்துத் தீர்ந்துவிட்டது. இப்போது வந்தது சண்டைதான். சபை நடுவில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதுதான் நான் ஜெபித்தது:

"ஆண்டவரே, நேத்துல இருந்து கூப்புடறேன். ஒரு பதில் உண்டா? எனக்கு வாய்ச்ச மனுஷன் மாதிரியே நீரும் ஆயிட்டீரா? அவருதான் ஒரு தபா கூப்டா வாயத் தொறக்க மாட்டாரு, நீருமா..."

அதோடு என் வாய் நின்றுபோனது.

கல்யாணமான புதிதில் அவர் சொன்னது அப்படியே காதில் வந்து விழுந்தது. ஏன் முதல் தடவையே பதில் சொல்வதில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "மலையாண்ட பொறந்தவன் ஒத்தக் கூப்பாட்டுக்கு பதிலு சொல்ல மாட்டான். முனி நமக்குத் தெரிஞ்சவங்க கொரல்ல ஒரே ஒரு தபா கூப்டும். பதிலு குடுத்தா முடிஞ்சிது கத. மனுஷன்தான் மறுபடி மறுபடி கூப்புடுவான்." நான் சிரித்தேன். சோம்பேறிக்கு நல்ல சாக்கு என்று சொல்லி, அன்றைக்கே மறந்தும் போனேன்.

முந்தின நாள் சாயங்காலம் மலையில் என்ன நடந்தது? ஒரு குரல் ஒரு தடவை கூப்பிடும். பிறகு கம்மென்று ஆகிவிடும்.

ஓடினேன். நயினாரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். பைத்தியக்காரி என்பார், அல்லது இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பார் என நினைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "எங்க ஊர்லயும் சொல்றதுதாம்மா! விசில் புடிச்சதுல இருந்து எனக்கே மறந்து போச்சு. ஜல்தி வாம்மா, நீயே கூப்புடு" என்று என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு ஏறினார்.

கிழக்குப் பாறைக்கு மேல் நின்றோம். புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. மகள் பேரை வைத்துத்தான் கூப்பிடுவேன்.

"பிரியாப்பா!"

ஒன்றுமில்லை.

"பிரியாப்பா!"

காற்றுச் சத்தம்தான். கர்த்தாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

"யோவ் பிரியாப்பா!"

காலுக்குக் கீழே எங்கேயோ இருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஒரு குரல் வந்தது.

"யாரு? இன்னொரு தபா கூப்புடு!"

நான் ஓவென்று அழுதுவிட்டேன். "நான்தான்யா, ஸ்டெல்லா!"

"ஸ்டெல்லான்னா பீரோ சாவி எங்க கீதுன்னு சொல்லு!"

போலீஸ், நயினார், நாத்தனார், பாதி ஊர் எல்லாரும் எங்கள் பின்னாலேயே ஏறி வந்து நிற்கிறார்கள். நான் கத்தினேன். "கேப்ப மாவு டப்பாவுல!"

"அப்ப நீதான்" என்றது குரல்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். நயினார் கண்ணைத் துடைத்துக்கொண்டே கயிற்றை இறக்கினார். இரண்டு பாறைக்கு நடுவில், முள்ளுக்கு அடியில், வலது கால் முறிந்து கிடந்தார் அவர். போன் அவருக்கும் கீழே விழுந்து உடைந்திருந்தது. பையில் மிச்சமிருந்த மல்லாட்டையைத் தின்றே பொழுதைத் தள்ளியிருக்கிறார். ஆம்புலன்ஸில் கேட்டேன், அத்தனை பேர் கூப்பிட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று. "ஒவ்வொரு தபாவும் வேற வேற கொரலு. கூப்டுட்டு கம்முனு பூடுது. மனுஷனா இருந்தா திரும்பக் கூப்புட மாட்டானா? நான் பயந்து வாயப் பொத்திகினு இருந்தன்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வெயிலில் நாக்கு வறண்டு, கூப்பிட்டாலும் பதில் சொல்லத் தெம்பு இருந்திருக்காது என்றார்கள் விழுப்புரம் ஆஸ்பத்திரியில். காலில் கம்பி வைத்தார்கள். இப்போது நடக்கிறார். ஆட்டின் பின்னால் மட்டும் மகளை அனுப்பிவிட்டு அதட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்று காலை வெயில் ஏறின பிறகுதான் நயினார் தண்ணீர் குடித்தார். என் கையால் கொடுத்தேன். "நீங்க பண்ணது என் ஆண்டவர் பண்ண மாதிரி" என்றேன். "நான் இன்னாம்மா பண்ணேன், கயிறு புடிச்சேன்" என்று சொல்லிவிட்டு, எறும்பை மிதிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார்.

இப்போது நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். காணாமல் போனவர் வீட்டுக்காரர்களிடம் கேள்வி கேட்பது என் வேலை. எல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் "எத்தனை தபா கூப்டா திரும்புவாரு?" என்று கேட்பேன். இவள் யார் இதையெல்லாம் கேட்க என்று என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கோபப்படாமல் மறுபடி கேட்பேன். என் சந்தேகப் புத்தி போய்விட்டதா என்றால், இல்லை. பீரோ சாவியை அன்றைக்கே இடம் மாற்றிவிட்டேன்.

ஆனால் ஜெபத்தில் மட்டும் எனக்கு இனிமேல் சந்தேகம் கிடையாது. இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களில் யாருக்காவது, கேட்டும் பதில் வராத காரியம் இருக்கும். ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். சண்டை போட்டாவது கூப்பிடுங்கள், என் சண்டைக்குள்ளேயே ஆண்டவர் பதிலை வைத்திருந்தார். ஒத்தக் கூப்பாட்டோடு நாம் கம்மென்று ஆகிவிட்டால், நிஜமாகவே நாம்தான் கூப்பிட்டோமா என்று அவருக்குச் சந்தேகம் வராதா? மேலேயிருந்து அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்னொரு தபா கூப்புடுங்க.