அளக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு நாட்கள்

தோங்லா அக்கா எங்கள் ஊர் மூன் ஆற்று மீனை உப்பும் தவிடும் போட்டு ஜாடியில் மாதக்கணக்கில் ஊறவைத்து விற்பவள். எந்த ஜாடியும் அவள் நாக்கில் படாமல் விலைக்குப் போனதில்லை. வீட்டிலும் மூன்று வேளைக்கும் அதுதான்.

நான் ஊர்ச் சுகாதாரத் தொண்டர். மாதம் ஒருமுறை நர்ஸ் பியாதா ரத்த அழுத்தம் பார்க்க வருவார். தேதியை வீடு வீடாகச் சொல்வது என் வேலை. அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"அக்கா, வியாழக்கிழமை வர்றாங்க. ரெண்டு நாளைக்கு ஜாடிப் பக்கம் போகாதே."

"போகல போ. அவ்வளவு தூரம் மோட்டார்சைக்கிள்ல வர்ற பொண்ணு. அளவைக் கூடுதலா காட்டி அது மூஞ்சிய வாட வைக்கவா?"

வருகிறவர் மனம் கோணக்கூடாது என்பது எங்கள் ஊர் மரியாதை. இரண்டு நாள் வெறும் சோறும் வெள்ளரிக்காயும். அட்டையில் பதியும் எண் இறங்கியிருக்கும். பியாதா மாத்திரையைக் கூட்டமாட்டார், என்னையும் பாராட்டுவார். அன்று மதியமே ஜாடி திறக்கும். ஒன்பது வருடம் இப்படி ஓட்டினோம்.

பிறகு அக்காவின் கால்கள் வீங்கின. நகரத்து டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"அழுத்தம் வருஷக்கணக்கா எந்த அளவுல நிக்கணும்னு முடிவு பண்றது சிறுநீரகம்மா. ஏறினா உப்பையும் தண்ணியையும் வெளியேத்தி இறக்கிடும். தினமும் உப்பைக் கொட்டினா அது களைச்சுப்போகும். அதே உப்பைத் தள்ள இன்னும் அதிக அழுத்தம் வேணும். அந்த அழுத்தமே அதைச் சிதைச்சிடும். உங்களுக்கு ரெண்டும் சுருங்கிப்போச்சு. ஆனா அட்டையில எல்லா மாசமும் நல்லாத்தானே இருக்கு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அளக்குற நாளுக்கு முன்னாடி மட்டும் பத்தியம் இருப்பேன் டாக்டர். நானாத்தான் செஞ்சேன்" என்றாள் அக்கா.

பேருந்தில் திரும்பும்போது அழுதேன். "எதுக்குடி அழறே, தின்னது நானு" என்று தொடையில் தட்டினாள். அந்தத் தட்டு இன்னும் வலிக்கிறது.

வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே ரத்தம் சுத்திகரித்தும் ஒன்றரை வருடம்தான். உப்பே கூடாது. ஜாடி மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடிவிடுவாள். மழைக்காலத்தில் போய்விட்டாள்.

எரிக்கும் நாள்வரை வீட்டில் வைத்து, வேளாவேளைக்குச் சவப்பெட்டியைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். அவள் கையால் ஊறவைத்த கடைசி ஜாடியிலிருந்து எடுத்து, ஒட்டரிசிச் சோற்றோடு வைத்தேன். மூன்று முறை தட்டினேன்.

"அக்கா, எழுந்து சாப்பிடு. இனிமே யாரும் அளக்க வரமாட்டாங்க."