தம்பிராசாவின் மீசைக்கு வந்த பதில்

முகத்தோற்றம் மாறிய ஒருவர் புதிய புகைப்படத்துடன் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான முடிவு தாமதமின்றி அவருக்கு அறிவிக்கப்பட வேண்டும். விதி இதுதான். தாமதம் என்றால் எவ்வளவு காலம் என்று விதி சொல்லவில்லை. ஒன்றையும் தெளிவாகச் சொல்லாத விதிகள்தான் நீண்ட ஆயுள் உள்ளவை. அரசாங்க அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், நம்பலாம்.

போன கிழமை பழைய சகபாடி ஒருவர் என் கைத்தொலைபேசிக்கு ஒரு படத்துண்டு அனுப்பியிருந்தார். வாவிக்கரையில் ஒரு ஜீப் வந்து நிற்கிறது. பெரிய மீசையுடன் ஒரு இன்ஸ்பெக்டர் இறங்கி, கரையில் கிடக்கும் தோணிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். "எங்க ஒளிச்சாலும் நான் வருவன்" என்கிறார். ஜீப் போய்விடுகிறது. அந்த இன்ஸ்பெக்டர் எங்கள் கந்தோர் பியோன் தம்பிராசா. திரையில் அவர் வாழ்ந்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கோந்து மணத்தது. கந்தோரில் கடித உறை ஒட்டும் கோந்தைத்தான் தம்பிராசா மேடையில் மீசை ஒட்டவும் எடுத்துப்போவார். எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். தெரியாதது போல இருப்பதும் நிர்வாகத்தில் ஒரு பகுதி.

ஆளுக்கு ஊர் களுதாவளை. சின்ன வயதிலிருந்தே வடமோடிக் கூத்தில் அரசன். பிறகு பட்டினத்து மண்டபத்தில் போட்ட சமூக நாடகங்களில் இன்ஸ்பெக்டர். உடுப்பு மாறியதே தவிர நடை மாறவில்லை. கூத்தில் அரசன் களரிக்குள் வரும் அதே வரவுதான். நாலு அடி வைத்து நிற்பார், தலையைத் திருப்பிச் சபையை ஒரு பார்வை பார்ப்பார். முன்வரிசையில் இருந்த நானே ஒருமுறை காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். மறுநாள் காலை அதே மனிதர் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். இருவருக்கும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்களில் கொழும்பிலிருந்து படக்காரர்கள் வந்தார்கள். நாடகத்தைப் பார்த்தவர்கள் தம்பிராசாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: கமரா கிட்ட வந்தால் பசை தெரியும், ஆகவே சொந்த மீசை வேண்டும். தம்பிராசா மீசை வளர்த்தார். கந்தோரே சேர்ந்து வளர்த்தது என்று சொல்லலாம். தட்டெழுத்துப் பெண்கள் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் விசாரிப்பார்கள். வாவிக்கரைக் காட்சி எடுத்து முடிந்தது. குற்றவாளியைப் பிடிக்கும் கடைசிக் காட்சியைக் கொழும்பில் எடுக்க வேண்டும், அழைப்பு வரும் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

அவர்கள் போக, சண்டை திரும்பி வந்தது. பாதையெல்லாம் சோதனைச் சாவடி. தம்பிராசாவின் அடையாள அட்டையில் இருப்பதோ மீசையில்லாத தம்பிராசா. அந்த நாட்களில் அட்டையும் முகமும் ஒத்துப்போகாவிட்டால் பிழை முகத்தில்தான்.

அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சேர், இவர் எங்கட பியோன்தான், நடிகன்தான் எண்டு ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தித் தந்தா காணும்."

"தம்பிராசா, உங்கட வேலைய நான் உறுதிப்படுத்தலாம். முகத்த உறுதிப்படுத்த எனக்கு அதிகாரம் இல்ல."

இந்த வசனத்தை நான் அன்று பெருமையோடு சொன்னேன். பிறகு பலமுறை பெருமையில்லாமல் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

கடிதத்துக்குப் பதிலாக முறைப்படி விண்ணப்பம் செய்வித்தேன். புதிய புகைப்படம், கிராம சேவகரின் சான்று, மூன்று பிரதிகள். பதிலை எங்கள் கந்தோர் முகவரிக்கு அனுப்பும்படி கேட்டிருந்தேன். தபால் கட்டைப் பிரிப்பது தம்பிராசாவின் வேலை. தினமும் காலையில் தன் பதிலைத் தானே தேடி, இல்லை என்று கண்டு, மற்றவர்களின் பதில்களைத் தட்டில் வைத்துக்கொண்டு வருவார்.

பதில் வருவதற்கு முன்பே, கொழும்புக்கு வரச்சொல்லிப் படக்காரரின் தந்தி வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மீசையை மழித்துவிட்டால் அட்டையோடு முகம் ஒத்துப்போகும். மழித்த மயிரையே வலையில் வைத்துத் தைத்துக்கொண்டு போனால் கொழும்பில் ஒட்டிக்கொள்ளலாம். சொந்த மீசையும் ஆயிற்று, சட்டமும் மீறப்படவில்லை. அதற்குள் கமராவும் பசையும் எனக்கு மறந்துபோயிற்று. தம்பிராசாவுக்கு மறந்திராது, ஆனால் வேறு வழி அவரிடம் இல்லை. நாடகத்துக்கு ஒப்பனை செய்கிறவர் இரண்டு நாளில் தைத்துக் கொடுத்தார். நசுங்காமல் இருக்கட்டும் என்று நானே ஒரு தடித்த கடித உறையை எடுத்துக் கொடுத்தேன். சேவைக்காலம் முழுவதிலும் அரசாங்கப் பொருளை நான் தனியார் தேவைக்குக் கொடுத்தது அந்த ஒருமுறைதான். மூலையில் 'அரச பணியின் பொருட்டு' என்று அச்சிட்டிருந்தது.

அவர் ஏறிய கொழும்பு பஸ் ஓட்டமாவடி தாண்டிப் போய் ஒரு சாவடியில் நின்றது. மீதியைத் தம்பிராசா சொல்லித்தான் அறிந்தேன். அட்டையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், திருப்தி. பிறகு பையைத் திறந்தார்கள். அரசாங்க உறைக்குள் மீசை, பக்கத்தில் கோந்துப் போத்தல்.

இது என்ன என்று கேட்டார்கள். என்னுடைய மீசை என்றார். உன்னுடையது என்றால் ஏன் உறைக்குள் இருக்கிறது என்றார்கள். கேள்வி நியாயமானது. ஒட்டிக்காட்டச் சொன்னார்கள், ஒட்டினார். இப்போது அட்டையோடு முகம் ஒத்துப்போகவில்லை. நடிகன் என்றால் நடித்துக்காட்டு என்றார் அங்கிருந்த அதிகாரி.

தம்பிராசா நாலு அடி வைத்து நின்றார். தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார். காவலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. ஆனால் ஒரு வசனம் அட்சரம் பிசகாமல் தெரியும். தினமும் கேட்கிற வசனம், இங்கே எல்லோருக்கும் பாடம். அதை அதே அதட்டலோடு சொன்னார்: அடையாள அட்டையை எடு.

சிரிப்பு நின்றது. பயணிகள் வரிசையில் கடைசியாக நின்றவரின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போயிற்று.

"அதுதான் சேர் என்ர நல்ல நடிப்பு. கைதட்டத்தான் ஆள் இல்ல" என்றார் பிறகு.

மூன்று நாள் வைத்திருந்து, அடிக்காமல் அனுப்பினார்கள். பஸ் காத்திருக்கவில்லை, படக்காரரும் காத்திருக்கவில்லை. மீசையைத் திருப்பித் தரவும் இல்லை. எடுத்ததற்குப் பற்றுச்சீட்டுக் கேட்டீர்களா என்று நான் கேட்டேன். என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை, அதற்கு மேடை தேவைப்படவில்லை.

படம் பட்டினத்துத் தியேட்டருக்கு வந்தபோது கந்தோர் முழுவதும் போனோம். ஜீப் வந்தது, இன்ஸ்பெக்டர் இறங்கினார், விசில் பறந்தது. நான் வருவன் என்றார். நாங்களும் காத்திருந்தோம். இடைவேளைக்குப் பிறகு யாரோ ஒரு பாத்திரம் போகிற போக்கில், அந்த இன்ஸ்பெக்டருக்கு இடமாற்றம் வந்துவிட்டதாகச் சொன்னது. புதிய இன்ஸ்பெக்டர் வந்து குற்றவாளியைப் பிடித்தார். தம்பிராசா என் பக்கம் சாய்ந்து, "இதுக்கு மேன்முறையீடு செய்யலாமா சேர்?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதைத் திரை வெளிச்சத்தில் பிந்தித்தான் கண்டேன்.

அதன்பின் அவர் அரசனாகவும் வரவில்லை, இன்ஸ்பெக்டராகவும் வரவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "மறுகா பாப்பம்" என்று நாள் தள்ளி அனுப்பினார். கோந்து குறையாமல் போத்தலில் கிடந்து காய்ந்தது.

அந்தத் தியேட்டரில் இப்போது சீமெந்து மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். சாவடி இருந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். தம்பிராசா காலமாகிச் சில வருடங்கள் ஆயிற்று. கையடக்கத் திரையில் ஜீப் மட்டும் திரும்பத் திரும்ப வந்து போகிறது.

பதிலைப் பற்றிச் சொல்லவில்லையே. அரச ஊழியர் ஓய்வு வயது நிரம்பும் பிறந்த நாளன்றே ஓய்வு பெற வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறது. அது மட்டும் தாமதமில்லாமல் நடக்கும். அந்த நாளில் தம்பிராசா தனது கடைசித் தபால் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். மேலே இருந்த உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. உள்ளே புதிய அடையாள அட்டை. அதில் கறுத்து அடர்ந்த மீசையோடு ஒருவர்.

"இவருக்கு வயசு போகல்ல சேர்" என்றார்.

கிடைத்த கடிதம் எதுவானாலும் திகதி முத்திரை குத்த வேண்டும். அதுவும் அவருடைய வேலைதான். உறையை மேசையில் வைத்து, வழக்கம்போல ஒருமுறை ஊதிவிட்டுக் குத்தினார். அட்டையில் பிறந்த திகதி என்று இருந்ததும் முத்திரையில் விழுந்ததும் ஒன்றுதான், வருடம் மட்டும் வேறு: ஆவணி பதினேழு.