அடுப்பில் காய்ந்த மண்

போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில் வீரையாவுக்கு அடுப்பு பார்க்கும் சோலி. பறித்து வந்த பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, சூடு குறையாமல் கிளறி உலர்த்த வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்துக் காய் பாழாகிவிடும். அதனால் ஈரமாக எதைக் கண்டாலும் மனிதருக்குக் கை சும்மா இராது; விருந்தாளியின் தலைத்துண்டுகூட அடுப்பருகே போய்விடும்.

1951இல் அவர் மனைவி ராக்கு இருமலோடு ரத்தமும் துப்பினாள். காசநோய். போடி டாக்டர் போட்ட ஊசியில் முதலில் தேறினாள். பிறகு அந்த ஊசி கேட்கவில்லை. "கிருமி மருந்துக்குப் பழகிருச்சு. வேற மருந்து வந்தாத்தான்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் மதுரையிலிருந்து மண் தேடி ஜேசுதாஸ் வந்தார், ஆராய்ச்சிக்காரர். "வீட்டம்மாவுக்குப் போட்ட ஊசியே மண்ணுல வாழ்ற ஒரு நுண்ணுயிர் சுரந்ததுதான் அண்ணே. அது மாதிரி புதுசு இந்த மலையிலயும் இருக்கலாம். உச்சிச் சோலையில கொஞ்சம் மண்ணெடுத்து வைங்க. வெள்ளிக்கெழம ஜீப்புல வர்றேன்."

வீரையாவுக்கு அதற்குமேல் ஒன்றும் காதில் ஏறவில்லை. பாதையில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறித் தோண்டி, மண்ணைப் பையில் அள்ளினார். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பை சொதசொதவென்று ஊறிப்போனது. ராக்குவின் உயிரே அந்தப் பைக்குள் பூஞ்சணம் பிடிப்பதுபோல் அவருக்குப் பதறியது. ஓடிவந்து ஏலத்தட்டில் பரப்பி, கலகலவென்று ஆகும்வரை காயவைத்தார்.

வெள்ளிக்கிழமை மண்ணைத் தொட்டதும் ஜேசுதாஸுக்கு முகம் மாறிவிட்டது.

"சூடு காட்டுனீங்களா?"

"ஈரம் சொட்டச் சொட்ட இருந்துச்சு சார்."

"உயிரோட வேணும்ண்ணே! எல்லாம் செத்திருக்கும்."

மறுபடி ஏற வழியில்லை. மழையில் பாதை சரிந்து கிடந்தது. ஜேசுதாஸ் அரைமனதாகப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். தன் கையாலேயே பெண்டாட்டிக்குக் கொள்ளி வைத்துவிட்டோமே என்று வீரையா குமைந்தார். இதை ராக்குவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. ஜீப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினார். வந்ததெல்லாம் தோட்டத்து லோடு.

மழை விட்டபின் ஒருநாள் ஜேசுதாஸ் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அண்ணே, கெடைச்சிருச்சு! ஈர மண்ணுல கண்ட கிருமியும் களை மாதிரி மண்டிரும். உங்க சூட்டுல அதுக செத்துப்போச்சு. ஒண்ணு மட்டும் விதை மாதிரி உறங்கிக் கெடந்து முளைச்சிருக்கு. பக்கத்துல விட்ட நோய்க்கிருமியெல்லாம் சாகுது!"

வீரையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊசி எப்ப சார் வரும்?"

ஜேசுதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். "வருசக்கணக்கா ஆகும்ண்ணே. வராமலும் போகலாம்."

உள்ளே இருமல் ஓய்ந்தது. எல்லாவற்றையும் ராக்கு கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள்.

"ஏங்க, வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? எனக்கு ஆகலைன்னா என்ன, இருமுறவ நான் ஒருத்திதானா? வெரசாப் போயி இன்னும் மண்ணு கொண்டாந்து காயப்போட்டுக் குடுங்க."

வீரையா களைக்கொத்தை எடுத்தார். மேடு ஏறி முடியும்வரை அழுதுகொண்டே போனார்.