ஊருணி நடுவில் நின்ற மண்திட்டு

பிள்ளைகளா, இன்று காலையில் என்னைப் பெற்றவளைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்தவர் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு டீச்சர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் நடை நடத்துகிறார். கல்வெட்டில் பெயர் ஏறாத சனங்கள் எங்கெங்கே பாடுபட்டார்கள் என்று தெருத் தெருவாகக் கூட்டிப்போய்க் காட்டுவார். சாயப்பட்டறை, பஞ்சுக் கிட்டங்கி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக ஊருணிக்கு வந்தோம். என் நூல்கடை முதலாளிதான் என்னைத் துணைக்கு அழைத்துப் போயிருந்தார். கரையில் நட்ட கல்லில் அவருடைய அய்யா பெயர் இருக்கிறது.

“எங்கய்யா வெட்டுன ஊருணியாக்கும்” என்றார்.

“மம்பட்டி பிடிக்கத் தெரியுமாய்யா அவுகளுக்கு?” என்று கூட வந்த ஓர் அம்மாள் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும்தான்.

தண்ணீர் வற்றிக் கிடந்தது. நடுவில் நின்ற மண்திட்டைக் காட்டி, அது எதற்கு என்று டீச்சர் கேட்டார்.

“கொக்கு உக்காரத்தான்” என்றார் முதலாளி.

என் வாய் சும்மா இருக்கவில்லை. “இல்லைங்க. எம்புட்டு ஆழம் வெட்டிருக்குன்னு அளந்து காட்ட, வெட்டுனவுக சாட்சிக்கு விட்ட மண்ணு அது. கைப்பிள்ளையக் கருவேலமரத்துல தொட்டில் கட்டிப் போட்டுட்டு ஒரு பொம்பள இங்க மண்ணு சுமந்துச்சு.”

டீச்சர் நோட்டை விரித்தார். “அவுக யாருண்ணே?”

முதலாளி என்னையே பார்த்தார். வேலைக்குச் சேரும்போது, சொந்தக் காடு வைத்து விவசாயம் பார்க்கிற வீடு என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பொய் சொன்னவன் என்று கடைச்சாவியைத் திருப்பிக் கேட்டுவிட்டால்?

“தெரியல டீச்சர். கேள்விப்பட்டதுதான்.”

தொட்டிலில் கிடந்த பிள்ளை நான்தான். அம்மா வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

திரும்பும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளி, “கேள்விப்பட்டவன் பேச்சு மாதிரி இல்லையேப்பா” என்றார். வண்டிச் சத்தத்தில் கேட்காததுபோல ஓட்டினேன்.

சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போனேன். நடைக்கு வருகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலாளியும் இருக்கிறார். “டீச்சர், காலையில சொன்ன அந்தப் பொம்பள எங்கம்மா” என்று அந்தக் குழுவுக்குக் குரல்பதிவாகப் பேசி, அவள் பெயரையும் சொன்னேன். குரல் நடுங்குகிறது என்று இரண்டு தடவை அழித்தேன். மூன்றாவது தடவை நடுங்கினபடியே அனுப்பிவிட்டேன்.