வாசலில் நின்ற மெஷின்

போன வாரம் மதுரைக்குப் பக்கத்தில், கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே போகவில்லை.

எம்பிராய்டரி மெஷின். கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்தது. வாங்கியவர் சரளா. மதுரையில் தையல் கடை வைத்திருந்தவர், துணிந்து கடன் வாங்கி ஒரு சின்ன யூனிட் ஆரம்பிக்கிறார். முதல் ஆர்டர், பள்ளிச் சீருடைகளுக்கு பேட்ஜ் போடுவது. பள்ளி திறப்பதற்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஆர்டர் கைவிட்டுப் போகும்.

அங்கே எனக்கு என்ன வேலை? கொத்தனார், எலக்ட்ரீஷியன், கிரேன்காரர், மெஷின் இன்ஜினியர் எல்லோரையும் ஒன்றாகக் கோத்துவிடுவது. எந்தக் கம்பெனியிலும் நான் ஆள் இல்லை. எந்தத் தொழிலும் முழுசாகத் தெரியாது, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். 'ஃப்ரீலான்ஸ் புராஜெக்ட் கோஆர்டினேட்டர்' என்று கார்டு அடித்திருக்கிறேன். என் மாமனார் மட்டும் இன்றுவரை, "மாப்ள வேலை தேடிக்கிட்டு இருக்காரு" என்றுதான் சொல்லி வருகிறார்.

சரி, மெஷினுக்கு வருவோம். இன்ஜினியர் கொடுத்த அளவு சரி. கொத்தனார் முத்தையா விட்ட வாசலும் சரி. பிறகு ஏன் நாலு விரல் இடிக்கிறது?

ஷட்டர் போட வேண்டிய அந்த வாசலில், முந்தின நாள் சரளா வீட்டார் நல்ல நேரம் பார்த்து ஒரு தேக்கு நிலையை வைத்துவிட்டார்கள்! மஞ்சள், குங்குமம், மாவிலை... எல்லாம் அமர்க்களம்.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பூஜை விஷயந்தானண்ணே... அதையுமா உங்ககிட்ட சொல்லணும்னு விட்டுட்டோம்."

எனக்குக் கோபம்தான். ஆனால் நான் போட்ட வேலைச் சார்ட்டில் கரன்ட்டுக்கு ஒரு கட்டம் உண்டு, கிரேனுக்கு ஒரு கட்டம் உண்டு. பூஜைக்கு? நம் ஊரில் பூஜை போடாமல் யார் தொழில் தொடங்குகிறார்கள்?

"மெஷினைக் கழட்டுனா வாரண்டி போயிரும்" என்றார் இன்ஜினியர்.

"எனக்கு மதியம் வேற லோடு இருக்கு. நான் போறேன்" என்றார் கிரேன்காரர்.

"அப்ப நிலையப் பேத்துருவமா?" என்றார் முத்தையா.

சரளா பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்து சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. கண் கலங்கியது மட்டும் புரிந்தது.

"வச்ச நிலைய மறுநாளே பேக்குறதாண்ணே? மனசு கேக்கலையே..."

பாவமாக இருந்தது. அங்கே யார் மீதும் தப்பு இல்லை, ஆனாலும் வேலை நின்றுவிட்டது. நான் சுற்றிமுற்றிப் பார்த்தேன். இரும்புத் தூண்கள் தாங்கும் ஷெட் அது. தூண்களுக்கு நடுவே இருக்கும் செங்கல் சுவர் வெறும் மறைப்புத்தான், இடித்தாலும் ஷெட் நிற்கும்.

"முத்தையாண்ணே, நிலைக்குத்தான பொட்டு வச்சிருக்கு? சுவத்துக்கு வைக்கலையே?"

அவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சரளாவைப் பார்த்தார். சரளா மெல்லத் தலையாட்டினார்.

"இம்புட்டுத்தானா!" என்று கடப்பாரையை எடுத்த முத்தையா, கிரேன்காரரிடம் சொன்னார்: "மாப்ள, ஒரு டீயக் குடிச்சிட்டு வா. அதுக்குள்ள வழி விட்டுர்றேன்."

மதியத்துக்குள் மெஷின் உள்ளே போய்விட்டது. இடித்த இடத்தில் இப்போது ஷட்டர். அந்த யூனிட்டுக்கு இன்று இரண்டு வாசல்... ஒன்று மெஷினுக்கு, ஒன்று மகாலட்சுமிக்கு.

முதல் பேட்ஜ் தைத்த அன்று நானும் போயிருந்தேன். சரளாவின் உறவுக்காரப் பெண் ஒருவர் என்னைக் காட்டி, "இவரு என்ன வேல பாக்குறாரு?" என்று கேட்டார்.

"எல்லாரும் அவுங்கவுங்க வேலயச் சரியாப் பாத்த பெறகும் ஒரு வேல மிச்சம் கெடக்கும்லக்கா... அதப் பாக்குறாரு" என்றார் சரளா.

கார்டை மாற்றி அடிக்கலாம் என்றிருக்கிறேன். மாமனாரைத்தான் மாற்ற முடியாது!