ஹால் சுவரில் யார் படம்?

போன வெள்ளிக்கிழமை அந்த எட்டு மணி சீரியல் முடிந்தது. முடிந்தது என்று நான் சொல்கிறேன் – சேனல் இன்னும் சொல்லவில்லை. கடைசியில் 'முதல் பாகம் நிறைவு' என்று மட்டும் போட்டார்கள். இரண்டாம் பாகம் உண்டா? விளம்பரதாரர் கையை விரித்துவிட்டாராம். எட்டு மணி ஸ்லாட்டுக்கு வேறு ஒருவர் துண்டு போட்டிருக்கிறாராம். வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? சீரியலின் வீடு எங்கள் தெருவில்தான் இருக்கிறது. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம், எங்களுக்கு எதிர் வீடு. நீங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே பார்த்தீர்களே ஒரு பெரிய ஹால்... அது கமலா அக்காவின் ஹால்.

வீட்டை ஷூட்டிங்குக்கு விட்டது அக்காவின் கணவர் சபாபதி சார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். "வாடகை வருதும்மா" என்பார் என்னிடம். யார் நம்புவது? மனுஷருக்கு டிவியில் ஒரே ஒரு தடவை தலையைக் காட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஷூட்டிங் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை, முகத்தில் பவுடர். கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் எதேச்சையாகப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"சார், ஃப்ரேமை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்!"

தள்ளி நிற்பார். அடுத்த ஷாட்டில் பார்த்தால் மாடிப்படியில் இருப்பார். மறுபடியும் "சார்..." இப்படியே இரண்டு வருடம். அவருடைய முழங்கைகூட டிவியில் வரவில்லை.

போன வருடம் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். யூனிட்டே வந்து நின்றது. புரொடக்ஷன் மேனேஜர் பாஸ்கர் குழந்தை மாதிரி அழுதார். அதெல்லாம் உண்மையான அழுகைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காரியம் முடிந்து, சாரின் படத்துக்கு ஃப்ரேம் போட்டு மாலையோடு மாட்டப் போனால்... ஹால் சுவரில் இடம் இல்லை.

அங்கே ஏற்கெனவே ஒருவர் மாலையோடு இருந்தார். கதாநாயகியின் அப்பா. கதைப்படி செத்துப்போனவர். நிஜத்தில் தாம்பரம் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"சீரியல் முடியுற வரைக்கும் அந்தப் படம் அங்கதான் இருக்கணும்க்கா. கன்டினியூட்டி" என்று பாஸ்கர் கையைப் பிசைந்தார். ஒரு காட்சியில் இருந்த பொருள் அடுத்த காட்சியிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் வேதவாக்கு.

ஆக, சபாபதி சார் படுக்கையறை பீரோ மேல். முன்பின் தெரியாத ஒருவர் ஹாலில். வேலைக்கு வரும் பெண் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த நடிகருக்குப் பூ வைத்துவிட்டுப் போவாள். துக்கம் விசாரிக்க வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் படத்தின் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசில ரொம்ப இளைச்சுட்டார் போலிருக்கே" என்றார். நான் சமையலறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் சொன்னார்:

"அவர் கட்டின வீட்டுல அவருக்கு ஒரு ஆணி இல்ல பாரு."

நான் காபி டம்ளரைக் கழுவினேன்.

போன மாதம் முழுக்க அக்காவுக்கு இதே கவலைதான். சாருக்கு முதல் வருஷத் தெவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. "அன்னிக்காவது அவர் ஹால்ல இருக்கணும். பீரோ மேல இருக்கிறவருக்குப் படையல் போட எனக்கு மனசு வராது" என்று என்னிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

நல்லவேளையாக ஷூட்டிங் முடிந்தது. பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். எல்லோருக்கும் ஸ்வீட். கிளம்பும்போது பாஸ்கர் மெதுவாக ஆரம்பித்தார்: "அக்கா, செகண்ட் பார்ட் வருமா வராதான்னு ஒண்ணும் புரியல, ஒரே பேஜாரா கீது. எதுக்கும் அந்தப் படம் மட்டும் அப்டியே..."

சீரியல் ஒரேயடியாக முடிந்தால் அந்த அப்பா இறங்கிவிடுவார். தொடர்ந்தாலும் என்றைக்காவது ஒருநாள் இறங்குவார். யாரும் முடிவெடுக்காததால் சுவரில் தொங்குகிறார்! நம் வீடுகளிலும் பாதி விஷயம் இப்படித்தான் தொங்குகிறது இல்லையா?

அக்கா தலையாட்டினார். மறுநாள் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, சீரியல் அப்பாவைக் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றி லாஃப்டில் போட்டுவிட்டார். சபாபதி சார் ஹாலுக்கு வந்தார். புது மாலை, சந்தனப் பொட்டு. கூடமாட உதவி செய்தது நான்தான். அன்றைக்கு அக்கா முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

நாலு நாள் கழித்து யூனிட் வேன் மறுபடியும் வந்து நின்றது.

சேனல் பிடி கொடுக்கவில்லையாம். அதனால் கடைசிக் காட்சியை மாற்ற வேண்டுமாம். எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற முடிவு வேண்டாம். கதாநாயகி அப்பா படத்தைக் கும்பிட்டு அழுகிறாள், காலிங் பெல் அடிக்கிறது, திரும்புகிறாள், அப்படியே நிறுத்திவிட வேண்டியது. இரண்டாம் பாகம் வந்தால் வாசலில் யாரையாவது நிறுத்திக்கொள்ளலாம். வராவிட்டால்? பால்காரர் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் அப்போது வீட்டில் இல்லை. பாஸ்கருக்கு வேறு வேலையாம், வரவில்லை. அரை மணி நேரத்தில் ஒரே ஷாட் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மறுநாளே ஒளிபரப்பு.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அக்கா வீட்டு ஹாலிலேயே உட்கார்ந்து பார்த்தோம். கடைசிக் காட்சி வந்தது. கதாநாயகி கைகூப்பி "அப்பா..." என்று கதறுகிறாள். கேமரா மெல்ல மேலே போகிறது.

சுவரில் சபாபதி சார்!

டிவியைப் பார்த்தேன். திரும்பிச் சுவரைப் பார்த்தேன். அதே மாலை, அதே சந்தனப் பொட்டு, அதே மூக்குக்கண்ணாடி. டிவி முழுக்க சார்தான். பெல் அடிக்கிறது, அவள் திரும்புகிறாள் – அவள் தோளுக்கு மேலே சிரித்த முகமாக சார். அப்படியே நின்றது படம். 'முதல் பாகம் நிறைவு.'

கன்டினியூட்டி பார்க்கிற பெண் வேலைக்குப் புதுசாம். சுவரில் மாலை போட்ட படம் இருக்கிறதா, இருக்கிறது... என்று விட்டுவிட்டாள். டைரக்டருக்கு அவசரம். கதாநாயகிக்கு? கிளிசரின் போட்ட கண்ணுக்கு எந்த அப்பாவாக இருந்தால் என்ன!

"அக்கா, ஷாட் எடுக்கும்போது நீங்க கவனிக்கலையா?"

அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கவனிச்சேனே. 'சைலன்ஸ்'னு கத்தினாங்க. நான் சைலன்ஸா இருந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நிமிடமே போன் அடித்தது. பாஸ்கர்தான். ரிசீவரை எட்ட வைத்தாலும் காது கிழிந்தது. "இன்னாக்கா இது! செவுத்துல சார் கீறாரு! ஹீரோயின் அப்பா எங்கக்கா?"

"லாஃப்ட்ல" என்றார் அக்கா. "செவுரு சாரோடதுதானே பாஸ்கர்?"

பாஸ்கர் போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை பாஸ்கர் நேரில் வந்தார். கூடவே பேப்பரில் சுற்றிய ஆப்பிள். பயந்துகொண்டே எதிர்வீட்டுக்கு நானும் ஓடினேன். வாடகையைப் பற்றி ஏதாவது பேசுவாரோ, மறுபடியும் அந்த அப்பாவையே மாட்டச் சொல்வாரோ? தெவசத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான்.

சாரின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார் பாஸ்கர்.

"டைரக்டர் சொல்ட்டாருக்கா. செகண்ட் பார்ட் வந்தா இந்த ஷாட்லேர்ந்துதான் ஸ்டார்ட் பண்ணணும். சாரைப் பெரியப்பான்னு ஒரு டயலாக்ல சரி பண்ணிக்கலாம். வருமான்னு தெரியாது. ஆனா அதுவரைக்கும்..." தலையைச் சொறிந்தார். "இந்தப் படத்தை மட்டும் இங்கேர்ந்து எட்த்துடாதீங்கக்கா. கன்டினியூட்டி."

அக்கா சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு தடவை துடைத்ததையே இன்னொரு தடவை துடைத்தார்.

"கேட்டீங்களா... நகரக் கூடாதாம்."